பழைய ராணுவ மெஷெட்டியும் அதன் உறையும்: அசலா, போலியா? வடசென்னைச் சேகரிப்பாளர்களுக்கான கேள்வி பதில்

வடசென்னையில் எந்த வகை ராணுவக் கத்திகள் கைக்கு வருகின்றன?

முதலில் அமெரிக்க ராணுவத்தின் எம் 1942 மெஷெட்டி, அதாவது காட்டில் செடி கொடி வெட்டும் நீளக் கத்தி. இரண்டாம் உலகப் போரில் சீன, பர்மா முனைகளுக்கு இந்தியாதான் பின்தளம். அசாமிலிருந்து பர்மா வழியே சீனாவுக்குப் போட்ட லெடோ சாலை வேலைக்கும் விமானத் தளங்களுக்கும் வந்த அமெரிக்கப் படையின் சாமான்கள் போர் முடிந்ததும் உபரியாக இங்கேயே விற்கப்பட்டன. அதனால் அந்தப் படை தங்காத ஊர்களிலும் இந்தக் கத்தி தென்படும்.

அடுத்தது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ராணுவ மெஷெட்டிகள். மலேயாவில் 1948 முதல் 1960 வரை நடந்த காட்டுப் போரோடு சேர்த்துப் பேசப்படும் கோலோக் கத்தியும் இந்த வரிசையில்தான். பிறகு போர்க்காலத்தில் இந்தியாவில் செய்த குக்ரி என்ற வளைந்த கூர்க்கா கத்தி. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்தில் யாராவது "பர்மா கத்தி" என்று எடுத்துக் காட்டினால் அது "தா" என்ற பர்மிய நீளக் கத்தியாக இருக்கலாம். கடைசியாக, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து, முத்திரை குத்தி, துருப்பிடிக்க வைத்து "மிலிட்டரி ஐட்டம்" என்று விற்கப்படுவது.

பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் பழம்பொருள் வியாபாரம் ஓரிடத்தில் இல்லை. காயலாங்கடை, ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடை, வீடு காலி செய்பவர்களின் பரண் என்று சிதறிக் கிடக்கிறது. விற்பவருக்கே பொருளின் வரலாறு தெரியாது என்பதால் பொருளைத்தான் விசாரிக்க வேண்டும்.

கையில் வந்ததும் முதலில் என்ன செய்வது?

துடைக்காதீர்கள். எண்ணெய் போடாதீர்கள். சாணைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அசலா என்று சொல்லக்கூடிய சான்றில் பாதி மேல்தோலில்தான் இருக்கிறது. பஃபிங் வீலில் ஐந்து நிமிடம் ஓட்டினால் அது போய்விடும், திரும்பி வராது.

கத்தியை உறையிலிருந்து மெதுவாக உருவுங்கள். சிக்கினால் இழுக்க வேண்டாம். உள்ளே துரு கித்தானைப் பிடித்திருந்தால் தையல் கிழியும். உறையைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தி அழுத்தி விட்டு, முதுகுப் பக்கமாகச் சாய்த்து எடுங்கள். உறையைக் கவிழ்த்துத் தட்டினால் விழும் தூளை வெள்ளைத்தாளில் பிடித்து வையுங்கள். செதில் செதிலான கறுப்புத் துரு, பழுப்பு நார், தோல் பொடி என்றால் நல்ல அறிகுறி. ஒரே நிறத்தில் மாவு போன்ற ஆரஞ்சுத் தூள் மட்டும் வந்தால் துரு அண்மையில் வரவழைக்கப்பட்டிருக்கலாம்.

பிறகு படம். வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் முழுநீளம், முத்திரை, முதுகு, பிடியின் மேல்விளிம்பு, ரிவிட் தலைகள், உறையின் முன், பின், வாய், நுனி.

என்னென்ன கருவி வேண்டும்?

வாட்ச் ரிப்பேர் செய்பவர் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ், வெர்னியர் காலிப்பர், சின்னக் காந்தம், பட்டர் பேப்பர், மென்மையான பென்சில், 365 நானோமீட்டர் அல்ட்ரா வயலெட் டார்ச். டார்ச் விஷயத்தில் கவனம். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் ஊதா வெளிச்சத்தையும் கொட்டுவதால் எல்லாமே ஒளிர்வது போலத் தோன்றும், முடிவு தப்பாகிவிடும்.

முத்திரைதானே முதல் சான்று? அதைப் பார்த்தாலே போதாதா?

போதாது. எங்கள் கணிப்பில் முத்திரையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். போலி செய்பவர் முதலில் செய்வது அதைத்தான். வாங்குபவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். இரும்பின் கனம், முதுகின் வெட்டு, பிடி பொருந்திய விதம், ரிவிட், துருவின் போக்கு, உறையின் நூல் ஆகியவற்றை யாரும் அவ்வளவு சுலபமாகப் போலி செய்வதில்லை. இவையெல்லாம் ஒரே கதையைச் சொன்னபின் முத்திரையும் அதையே சொல்கிறதா என்று பாருங்கள்.

கத்தியையும் உறையையும் தனித்தனிப் பொருளாக எடைபோடுவதும் அவ்வளவே முக்கியம். நல்ல உறை கெட்ட கத்தியைத் தூக்கிவிடும், நல்ல கத்தி போலி உறையை நம்ப வைத்துவிடும்.

எம் 1942 கத்தியை எப்படி அடையாளம் காண்பது?

அலகு, அதாவது பிடிக்கு முன்னாலுள்ள வெட்டும் இரும்பு, 18 அங்குலம், ஏறத்தாழ 457 மி.மீ. பிடியோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு அடியை ஒட்டி வரும். பல ஆண்டு தீட்டியதில் நுனி தேய்ந்து சில மி.மீ. குறைவது இயல்பு, ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தால் நுனி வெட்டப்பட்டதா என்று பாருங்கள். அதற்கு முன் 22 அங்குல அலகும் அமெரிக்கப் படையில் புழங்கியது. நீளம் கூடியிருப்பதாலேயே போலி என்று தள்ள வேண்டாம்.

முதுகின் கனத்தைக் காலிப்பரில் அளந்தால் 3 மி.மீ. பக்கம் வரும். தகடு சுருளிலிருந்து வெட்டிச் செய்த கத்தி இது, கொல்லன் அடித்து நீட்டியதல்ல. அதனால் பிடிக்கருகே, நடுவே, நுனிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். சுத்தியல் அடியின் மேடு பள்ளத்தால் அளவு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாறுமாறாக வந்தால் அது பட்டறைக் கத்தி.

முத்திரை பிடிக்குச் சற்று முன்னால், அலகின் பக்கவாட்டில் இருக்கும். போர்க்காலத் தயாரிப்பாளர்களில் அதிகம் தென்படும் பெயர்கள் ட்ரூ டெம்பரும் காலின்ஸும். மேலே "யு.எஸ்.", கீழே பெயர், அதன் கீழே ஆண்டு என்ற அடுக்கு பரவலானது. காலின்ஸ் கத்தியில் "லெஜிட்டிமஸ்" என்ற சொல்லும், கிரீடத்துக்கு மேல் சுத்தியல் பிடித்த கையும் வரும். கனெக்டிகட் மாநிலத்துக் காலின்ஸ்வில்லில் 1826இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 1966இல் மூடப்பட்டது. அதன்பின் லத்தீன் அமெரிக்காவில் அதே பெயரில் கத்திகள் வந்தன. ஸ்பானிய மொழியில் "ஆசெரோ", "எச்சோ என்" என்று தொடங்கும் எழுத்து இருந்தால் அது கரும்பு வெட்டும் கத்தி. நல்ல கத்திதான், ராணுவக் கத்தி இல்லை.

ஒன்டாரியோ நைஃப் கம்பெனியின் பெயரோடு 1960களின் ஆண்டு இருந்தால் அது வியட்நாம் போர்க் காலத்தது. அதை "வேர்ல்டு வார் கத்தி" என்று விற்பவர் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பலருக்கு எல்லா அமெரிக்க மெஷெட்டியும் ஒன்றுதான்.

அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் கத்திதானே?

அம்பு அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். எந்த அரசாங்கம் என்பதை அம்போடு சேர்ந்து நிற்கும் எழுத்துதான் சொல்லும். தனி அம்பு பிரிட்டன். இரண்டு "டி" எழுத்துக்கு நடுவே அம்பு வந்தால் ஆஸ்திரேலியா. "சி" எழுத்துக்குள் அம்பு கனடா. "என்", "இசட்" இரண்டுக்கும் இடையில் வந்தால் நியூசிலாந்து. "யு" எழுத்துக்குள் அம்பு தென்னாப்பிரிக்கா. அம்புக்கு அடியில் "ஐ" இருந்தால் பிரிட்டிஷ் இந்திய அரசு. சென்னையில் இதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும், பலர் கீறல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இரண்டு அம்பு முனையோடு முனை முட்டி நின்றால் படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். அது குறையல்ல, நல்ல சான்று. போலி செய்பவர்கள் இதைக் குத்த நினைப்பதில்லை.

பிரிட்டிஷ் கத்தியில் முக்கியமான பெயர் பர்மிங்ஹாம் மார்ட்டின்டேல். முதலை உருவம் அதன் வணிகக்குறி. அதே கம்பெனி தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஏராளமாகக் கத்தி செய்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தது. முதலை மட்டும் இருந்து அம்பும் ஆண்டும் இல்லையென்றால் அதைத் தோட்டக் கத்தி என்றே கொள்ளுங்கள். ராணுவக் கோலோக்கின் அலகு ஏறத்தாழ 13 அங்குலம், எம் 1942ஐவிடக் குட்டை, வயிறு அகலம்.

ஆஸ்திரேலியக் கத்தியில் அடிலெய்டு விட்டிங்ஸ்லோ பெயரும் 1940களின் ஆண்டும் வரும். அதற்குரிய உறை தோலில் செய்தது.

முத்திரை அசலா, பின்னால் குத்தியதா?

இந்தக் கேள்விக்கு லூப் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

தொழிற்சாலையில் முத்திரை குத்துவது இரும்பைப் பதப்படுத்துவதற்கு முன்னால். அப்போது இரும்பு மென்மையாக இருக்கும், எழுத்து சுத்தமாக இறங்கும். எழுத்தின் ஓரத்தில் பிதுங்கும் இரும்பு, பின்னால் வரும் தேய்ப்பு வேலையில் மழுங்கிவிடும். அதன்மேல் பூச்சு, அதன்மேல் எழுபது எண்பது ஆண்டுக் கறுப்பு. ஆக எழுத்தின் அடியிலும் பக்கச் சுவரிலும் ஓரத்திலும் ஒரே வயதின் நிறம் இருக்க வேண்டும்.

பதப்படுத்திய இரும்பில் பின்னால் குத்தினால் மூன்று கோளாறு வரும். எழுத்து ஆழமாக இறங்காது, அதனால் அடி அதிகமாகி முத்திரைக்கு நேர் பின்புறத்தில் லேசான வீக்கம் தெரியும். அலகை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுத்தைச் சுற்றிப் பிதுங்கிய விளிம்பு விரலில் தட்டும். அந்த விளிம்பில் கறுப்பு உடைந்து இரும்பு பளிச்சென்று இருக்கும், அல்லது அதை மறைக்க மை, ஷூ பாலிஷ் தடவியிருக்கும். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு எழுத்தின் அடியைத் துடைத்தால் பாலிஷ் கறுப்பாக வந்துவிடும், அசல் கறுப்பு வராது.

லேசரில் பொறித்தது என்றால் ஆழம் எங்கும் ஒரே அளவாக இருக்கும், அடியில் நெருக்கமான இணைக்கோடுகள் தெரியும். ஆசிடில் அரித்ததில் எழுத்தின் ஓரம் கூர்மையில்லாமல் குழைந்திருக்கும்.

எழுத்துகளின் வரிசையையும் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் ஒரே அச்சில் குத்தப்படுவது, எழுத்துகளின் இடைவெளி சீராக இருக்கும். அதில் ஓர் எழுத்து மட்டும் சாய்ந்தோ உயர்ந்தோ நின்றால் தனித்தனி எழுத்துப் பஞ்சால் அடித்தது, சந்தேகப்படுங்கள். ஆனால் படைப்பிரிவு எண், ரேக் எண், சோதனையாளர் குறி ஆகியவை கையால் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டவை. அவை கோணலாக இருப்பதுதான் இயல்பு. அவை அச்சு வார்த்தது போல நேராக நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

தேய்ந்த முத்திரையைப் படிக்க, பட்டர் பேப்பரை வைத்து பென்சிலைப் படுக்கவைத்து உரசுங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்கூடத் தாளில் வந்துவிடும். சாக்பீஸ் தூளை உள்ளே தேய்க்க வேண்டாம், ஈரத்தை இழுத்து அங்கேயே வைத்துக்கொள்ளும்.

துருவைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?

ஆண்டு சொல்ல முடியாது, நேர்மை சொல்லலாம். பயன்பாட்டில் இருந்த கத்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துருப்பிடிக்காது. உறை வாய்க்கு நேரான இடத்தில் ஒரு பட்டை, ரிவிட்டைச் சுற்றி ஒரு வளையம், கை வியர்வை படும் பிடியோரத்தில் குழிகள், வெட்டுவாய்ப் பக்கம் தீட்டித் தீட்டிக் குறைவு.

உப்புத்தண்ணீர், வினிகர், பிளீச்சிங் ஊற்றிப் பிடிக்க வைத்த துரு போர்வை போல எங்கும் படர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் அடியில் பளபளப்பான இரும்பு. அசல் பழைய துருவைச் சுரண்டினால் அடியில் இன்னொரு கறுப்பு அடுக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் பத்து ஆண்டு கிடந்த அசல் கத்தியும் ஆரஞ்சாகத்தான் இருக்கும். உப்புக்காற்று அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. ஆகவே துருவை மட்டும் வைத்துப் போலி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிடி மாற்றப்பட்டதா என்று எப்படித் தெரியும்?

பிடியின் மேல்விளிம்பை லூப்பில் பாருங்கள். தொழிற்சாலையில் பிடியின் இரண்டு பக்கத் தகடும் (சில்லு) நடுவிலுள்ள இரும்பும் ரிவிட் அடித்தபின் சேர்த்தே தேய்க்கப்பட்டவை. தேய்ப்புக் கோடுகள் ஒரு சில்லில் தொடங்கி இரும்பைக் கடந்து மறு சில்லில் முடியும். மாற்றிய பிடியில் கோடு இரும்போடு நின்றுவிடும், அல்லது சில்லு ஒரு மயிரிழை ஏறியோ இறங்கியோ இருக்கும்.

எம் 1942இல் பிடி பிளாஸ்டிக் கலவை. மரப் பிடி இருந்தால் ஒன்று வேறு வகைக் கத்தி, இல்லையென்றால் உடைந்தபின் மாற்றியது. ரிவிட்டைச் சுற்றிச் சில்லு கீறியிருந்தால், ஸ்குரூ டிரைவர் தடம் இருந்தால், ஓட்டைக்குள் பசை தெரிந்தால் கழற்றி மாட்டியது. பித்தளை ரிவிட்டில் வரும் பச்சைக் களிம்பு மரத்துக்குள்ளும் கொஞ்சம் ஊறியிருக்கும். புதிய ரிவிட்டில் மேலே மட்டும் தடவினாற்போல் நிற்கும்.

ஊசியைக் காய்ச்சிக் குத்தி பிளாஸ்டிக்கைச் சோதிப்பதை விட்டுவிடுங்கள். அது கொடுக்கும் தகவல் சொற்பம், விடும் வடு நிரந்தரம்.

கித்தான் உறையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உறையில்தான் இப்போது அதிகப் போலி வருகிறது. இரும்பைவிடத் துணி செய்வது சுலபம்.

எம் 1942 உறை கனமான பருத்திக் கித்தான். விளிம்பில் தையலும் ரிவிட்டும், பின்புறம் பெல்ட்டின் வளையத் துளையில் மாட்டும் கம்பிக் கொக்கி. அந்த இரட்டைக் கொக்கி 1910 காலத்திலிருந்தே அமெரிக்கப் படைச் சாமான்களில் வருவது. போரின் முதற்பகுதியில் துணி காக்கிக்கு நெருங்கிய வெளிர் நிறம். 1943ன் பிற்பகுதியிலிருந்து கரும்பச்சை. இரண்டு நிறத் துணியும் கலந்து தைத்த உறைகள் உண்டு. பழைய துணி தீரும்வரை பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒட்டுப்போட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

நூலைச் சோதியுங்கள். உள்பக்கம் பிரிந்து தொங்கும் இழையில் 5 மி.மீ. மட்டும் வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை, சாம்பல் உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாலியெஸ்டர் நூல் சந்தைக்கு வந்தது 1950களில். 1943 முத்திரை போட்ட உறையில் அது இருந்தால் உறை போலி, அல்லது பின்னால் திரும்பத் தைத்தது. எதுவென்று அறிய ஊசித் துளைகளை எண்ணுங்கள். திரும்பத் தைத்ததில் பழைய துளைகள் காலியாகத் தெரியும்.

இருட்டறையில் அல்ட்ரா வயலெட் டார்ச். இன்றைய நூலிலும் துணியிலும் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். போர்க்காலப் பருத்தி மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் யாராவது அந்த உறையைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்திருந்தால் அசலும் ஒளிரும். வித்தியாசம் இதுதான்: துவைத்த உறை வெளியே திட்டுத்திட்டாக ஒளிரும், தையல் மடிப்புக்குள் குறைவாக இருக்கும். புதிய நூல் மடிப்புக்குள்ளும் வெளியேயும் ஒரே அளவு ஒளிரும்.

மைமுத்திரை அடுத்தது. பழைய மை நூலிழைக்குள் இறங்கி ஓரம் கசிந்திருக்கும். துணி தேய்ந்த மேட்டில் எழுத்தும் தேய்ந்திருக்கும். நூல் தேய்ந்திருக்க அதன்மேல் மை மட்டும் முழுசாக இருந்தால் தேய்ந்தபின் அடித்தது. டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கிய துணியை ஈரப்பஞ்சால் தொட்டாலே நிறம் இறங்கும்.

உறைக்குள் கத்தி இருந்த தடம் உதவுமா?

மிகவும். உறையைத் தட்டையாக வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பல ஆண்டு ஒரே கத்தி இருந்தால் அதன் உருவம் துணியில் எழும்பி நிற்கும். பட்டர் பேப்பரில் கத்தியின் கோட்டுருவை எடுத்து உறைமேல் வையுங்கள். வயிற்றின் வளைவும் நுனி முடியும் இடமும் ஒத்துப்போனால் இரண்டும் நெடுநாள் சேர்ந்திருந்தவை. நுனி ஓரங்குலம் தள்ளி நின்றால் அண்மையில் சேர்த்த ஜோடி.

கத்தியில் 1943, உறையில் 1945 என்று இருந்தால் பதற வேண்டாம். படைக் கிடங்கில் கத்தி ஒரு குவியல், உறை ஒரு குவியல். கைக்கு வந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஆண்டாகக் கச்சிதமாக இருப்பதுதான் பின்னால் யாரோ தேடிச் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிளாஸ்டிக் உறை வந்தால்?

வாயில் தீட்டுங்கருவி பதித்த கெட்டிப் பச்சை உறை பிற்காலத்தது. வியட்நாம் காலக் கத்திகளோடு பொருந்தும். அதை 1943 கத்தியோடு பார்த்தால் உறை மாற்றம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உறையில் நீளமான எண் இருக்கிறதே, அது என்ன?

கிடங்கு எண். வயது சொல்ல இதைப்போல் நேரான சான்று வேறில்லை. அமெரிக்கச் சாமானில் 11 இலக்கம் இருந்தால் 1974க்கு முந்தையது. நடுவில் இரண்டு இலக்க நாட்டு எண் சேர்ந்து 13 ஆனது அதற்குப் பின்தான். தொடக்கத்து நான்கு இலக்கம் பொருளின் வகை: 5110 என்றால் கூர்விளிம்புள்ள கைக்கருவி, 8465 என்றால் வீரர் உடலில் மாட்டும் சாமான். உறையில் 8465 வருவது சரி. 13 இலக்க எண்ணில் ஐந்தாம், ஆறாம் இலக்கம் 00 அல்லது 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 66 ஆஸ்திரேலியா.

"டி.எஸ்.ஏ." (அமெரிக்கப் படைச் சாமான் வாங்கிய அரசு முகமையின் சுருக்கப் பெயர்) என்று தொடங்கும் ஒப்பந்த எண் 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரைக்கானது. அதில் 100க்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் நிதியாண்டு. 68 என்றால் 1968. இந்த எண்களில் ஏதாவது இருக்கும் உறையை இரண்டாம் உலகப் போரோடு சேர்த்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தோல் உறையின் வயதை எப்படிக் கணிப்பது?

இதில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரியமேட்டில் தோல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தோலின் வெட்டுவாயை, அதாவது வெட்டுப்பட்ட ஓரத்தைக் காட்டினால் பதனிட்ட முறையைச் சொல்லிவிடுவார்கள்.

ராணுவ உறைக்குப் பெரும்பாலும் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல்தான். வெட்டுவாய் முழுக்க ஒரே பழுப்பாக இருக்கும், ஈரம் பட்டால் கருமை ஏறும், மடித்தால் கோடு விழும். குரோம் பதனிட்ட தோலின் வெட்டுவாயில் நடுவே நீலச்சாம்பல் தெரியும். மேலே எவ்வளவு சாயம் ஏற்றினாலும் அந்த நடு நிறம் காட்டிக்கொடுக்கும். குரோம் முறை போருக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் விறைப்பாக நிற்க வேண்டிய உறைக்கு அது வழக்கமில்லை.

தென்னிந்தியாவில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் சேர்த்துப் பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகத்திலிருந்து பிரிட்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. ஆகவே தாவரப் பதனிடலை வைத்து மட்டும் உறை எந்த நாட்டில் தைத்தது என்று சொல்ல முடியாது. தையலும் முத்திரையும்தான் சொல்லும்.

விரலில் செம்பொடி ஒட்டினால் அது தோல் சிவப்பு அழுகல். காற்றிலுள்ள கந்தக வாயு தாவரப் பதத் தோலில் அமிலமாகி நாரை உதிரச் செய்கிறது. மணலி, எண்ணூர் பக்கம் வீடுள்ளவர்கள் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். வயதுக்குச் சான்று, ஆனால் மீளாத நோய். எண்ணெய் தடவினால் கறுத்து, பூஞ்சை பிடித்து, இன்னும் சீக்கிரம் உதிரும். ஹைட்ராக்ஸி புரொப்பில் செல்லுலோஸ் பொடியை 100 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 முதல் 2 கிராம் கரைத்து, மென்தூரிகையால் ஒரு பூச்சு கொடுத்தால் பொடி உதிர்வது நிற்கும். தண்ணீர் சேர்க்காதீர்கள், தோல் கருகிச் சுருங்கும்.

லாரிப் பட்டைக் கத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகு கனம் 5 மி.மீ.க்கு மேல், நுனி நோக்கி வேகமாக மெலிவு, ஒரு பக்கம் லேசான வளைவு மிச்சம், சுத்தியல் பள்ளம். சில சமயம் பட்டையின் நடு போல்ட் துளையை அடைத்த வட்டமும் தெரியும். கையில் எடுத்தாலே முன்கனம் தெரிந்துவிடும். இவற்றைச் செய்யும் கொல்லர்களின் கைவேலையில் குறையில்லை. அதன்மேல் ஏறும் பொய் முத்திரைதான் குற்றம்.

இன்னொன்றும் நடக்கும். அசல் மெஷெட்டியை வெட்டிக் குட்டையாக்கி, இளநீர் சீவவோ மீன் வெட்டவோ பயன்படுத்தியிருப்பார்கள். முத்திரை பிடியருகே இருப்பதால் தப்பியிருக்கும். சேகரிப்பு மதிப்பு பெரிதும் குறையும், ஆனாலும் முத்திரையை ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

குக்ரிக்கும் தாவுக்கும் இதே முறைதானா?

குக்ரிக்கு முத்திரை, பிடி, துரு விதிகள் அப்படியே பொருந்தும். போர்க்கால இந்தியத் தயாரிப்பில் "43", "44" என்று ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பிடியருகே இருக்கும். டெஹ்ராடூனில் இன்றும் அதே வடிவில் பிரதிகள் செய்யப்படுவதால் வடிவத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். தா ராணுவச் சாமானாக முத்திரை தாங்கி வருவது அபூர்வம். காப்புத் தகடு இல்லாத நீண்ட உருண்டைப் பிடி, இரண்டு மரப் பாதிகளைப் பிரம்போ உலோக வளையமோ கட்டிய உறை. அதில் புதிதாக அம்புக்குறி பார்த்தால் விலகிவிடுங்கள்.

வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 2016 விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கூர் ஆயுதங்கள் ஐந்தாம் வகையில் வருகின்றன. குக்ரி பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இந்த வகைக்கு உரிமம் தேவை. வாங்கும் முன் உங்கள் பகுதி நிலையைக் காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், அல்லது வழக்கறிஞரிடம் கேளுங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். எடுத்துப் போகும்போது அட்டைப்பெட்டியில் கட்டி, ரசீதோடு. பைக்கில் செருகியோ பையில் பிடி நீட்டியோ போகக் கூடாது. இந்த ஊரில் அது விளையாட்டு விஷயம் இல்லை.

நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தில் வரும். முதல் உலகப் போர்க் கத்திகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரமாக விற்கவும் உரிமம் தேவை.

பார்த்து முடித்தபின் எப்படிச் சுத்தம் செய்வது?

தையல் மிஷின் எண்ணெயைத் தடவி ஒருநாள் விடுங்கள். மறுநாள் நான்கு சைபர் (0000) எனும் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் ஆரஞ்சுத் துரு உள்ள இடத்தை மட்டும், அலகின் நீளவாக்கில், அழுத்தாமல் தேயுங்கள். கறுப்பில் கைவைக்காதீர்கள். முத்திரைக்குள் மூங்கில் குச்சி போதும். உப்புத்தாள், எலுமிச்சை, கோலா, துரு நீக்கும் ஆசிட் எதுவும் வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடைத்து, மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு மெல்லிசாக ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் காறி, பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும்.

சுத்தம் செய்தபின்னும் மழைக்காலத்தில் பொட்டுப்பொட்டாக ஆரஞ்சு நீர் கசிந்தால் குழிக்குள் கடல் உப்பு இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் தோய்த்த பஞ்சால் பலமுறை ஒற்றி எடுத்து, உடனே ஆல்கஹால் துடைத்து, உலர்த்தி, பிறகு மெழுகு பூசுங்கள்.

எப்படி வைப்பது?

கத்தியை உறைக்குள் வைக்காதீர்கள். தோலின் அமிலமும் கித்தானின் ஈரமும் அலகைத் தின்னும். அலகின் துரு உறையைத் தின்னும். உறைக்குள் கத்தி வடிவில் வெட்டிய ஃபோம் ஷீட் வைத்தால் உருக்குலையாது. செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அதில் அமிலம் இருக்கிறது.

நம் பக்கம் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்பது சாதாரணம். இறுக மூடும் 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் 200 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 45 சதவீதத்துக்குக் கீழே இலக்கு. இது கத்திக்கு மட்டும். தோல் உறை இவ்வளவு வறட்சியில் வெடிக்கும், அதற்கு 50 பக்கம் இருக்கும் தனிப் பெட்டி. ஜெல் நிறம் மாறினால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். நீல நிற ஜெல்லைத் தவிருங்கள், அதிலுள்ள கோபால்ட் உப்பு உடம்புக்குக் கெடுதல்.

ஆன்லைனில் வாங்கும்போது எந்தப் படங்களைக் கேட்க வேண்டும்?

முத்திரையின் நேர்ப்படம், அதே முத்திரை சாய்வெளிச்சத்தில், முத்திரைக்கு நேர் பின்புறம், பிடியின் மேல்விளிம்பு, முதுகில் காலிப்பர் வைத்த படம், உறையின் பின்புறமும் கொக்கியும், உறை வாய்க்குள் டார்ச் அடித்து ஒன்று, கத்தியை உறைமேல் வைத்து ஒன்று. எல்லாப் படத்திலும் அன்றைய தேதி எழுதிய துண்டுத்தாள் இருக்கட்டும். வேறொருவரின் படத்தை எடுத்துப் போடுவது அதில் நின்றுவிடும். முத்திரைக்குப் பின்புறப் படத்தை மட்டும் அனுப்பாமல் விற்பவர் நழுவினால், விலை எவ்வளவு குறைந்தாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.